குடிநோய் வீதம் ஏறியதா, அளவுகோல் மாறியதா? எண்களைப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில், காலி வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றில், ஓர் இளம் பத்திரிகையாளர் தன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். "ஐயா, தலைப்பு சரிதானே?" என்று கேட்டார். 'ஊரடங்கு ஆண்டில் குடிநோயாளர் இருமடங்கு' என்று எழுதியிருந்தார். கீழே இரண்டு எண்கள். அமெரிக்காவில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மதுப் பாவனைக் கோளாறு உள்ளவர்கள் 2019இல் 14.5 மில்லியன், அதாவது 5.3 சதவீதம். 2020இல் 28.3 மில்லியன், 10.2 சதவீதம். இரண்டு எண்களும் உண்மை. அந்நாட்டின் போதைப்பொருள் பாவனை மற்றும் உளநலத்துக்கான தேசிய ஆய்வு வெளியிட்டவை அவை. தலைப்புத்தான் தவறு.

2020இல் அந்த ஆய்வு தன் அளவுகோலை மாற்றியது. அதுவரை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டு நோயறிதல் விதி; அந்த ஆண்டிலிருந்து அதே சங்கத்தின் 2013ஆம் ஆண்டு விதி. போதாததற்கு, கொரோனாவால் வீடு வீடாகப் போக முடியாமல் இணையம் வழியாகவும் பதில் வாங்கத் தொடங்கினார்கள். ஊரடங்கில் மக்கள் கூடுதலாகக் குடித்தார்களா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்து அதற்குப் பதில் சொல்வது, தராசு மாறிய அன்றைக்கு மீன் கொழுத்துவிட்டது என்று சொல்வதைப் போன்றது.

அன்று அவருக்கு ஒரு பில்லின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்த படிகளைத்தான் இங்கே விரித்திருக்கிறேன். நான் வைத்தியன் அல்ல. வினாக்கொத்தைச் சுமந்துகொண்டு கொழும்பின் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத் தோட்டங்களில் (நெரிசலான குடியிருப்புகளில்) கதவு தட்டியவன். பிறகு அந்தப் பதில்களை அட்டவணையாக்கியவன்.

படி 1: எந்த நூல், எந்தப் பதிப்பு?

உலகில் இரண்டு பெரிய அளவுகோல் நூல்கள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் உளக்கோளாறுக் கையேடான டி.எஸ்.எம். மற்றது உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி. ஆய்வறிக்கையில் முறைமை பற்றிய பகுதியைத் திறந்து, இவற்றில் எது, எத்தனையாவது பதிப்பு என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது எழுதப்படாத செய்திக்குறிப்பை நம்பி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

டி.எஸ்.எம். வரிசை சுருக்கமாக இது. 1980இல் வந்த மூன்றாம் பதிப்பு மதுத் துஷ்பிரயோகத்தையும், மதுவில் தங்கியிருத்தலையும் (மதுவைச் சார்ந்துபோன நிலையை) இரண்டு நோய்களாகப் பிரித்தது. தங்கியிருத்தல் என்று சொல்ல உடல் மதுவுக்குப் பழகிப்போயிருக்க வேண்டும், அல்லது நிறுத்தினால் நடுக்கம் போன்றவை வர வேண்டும். 1987இன் திருத்தப் பதிப்பு அந்தக் கட்டாயத்தை நீக்கி, ஒன்பது அடையாளங்களில் மூன்று போதும் என்றது. இந்த மாற்றத்தின் வேர் 1976இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் குரோஸ் என்ற இரு மருத்துவர்கள் பிரித்தானிய மருத்துவ இதழில் வரைந்து காட்டிய 'தங்கியிருத்தல் நோய்க்குறித்தொகுதி'யில் இருக்கிறது. 1994இல் நான்காம் பதிப்பு, 2013இல் ஐந்தாம் பதிப்பு. 2022இல் ஐந்தாம் பதிப்பின் உரைத்திருத்தம் வந்தது. மதுவைப் பொறுத்தவரை எல்லைக்கோடு நகரவில்லை.

ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்புக்கு உலக சுகாதாரப் பேரவை 1990இல் ஒப்புதல் தந்தது. பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வைத்தியசாலைப் பதிவேட்டிலிருந்து வரும் எண் என்றால் அது பெரும்பாலும் ஐ.சி.டி. வழி வந்தது, வீட்டு ஆய்விலிருந்து வரும் எண் என்றால் பெரும்பாலும் டி.எஸ்.எம். வழி. இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

படி 2: இரண்டு விதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இதைக் கையால் செய்யுங்கள். தாளின் இடப்பக்கம் 1994, வலப்பக்கம் 2013.

1994இல் துஷ்பிரயோகத்துக்கு நான்கு அடையாளங்கள்: வேலை, படிப்பு, வீட்டுப் பொறுப்புத் தவறுதல், ஆபத்தான நிலையில் குடித்தல் (வாகனம் ஓட்டுவது இதில் முக்கியம்), சட்டச் சிக்கல், உறவுகளில் சண்டை வந்தும் தொடர்ந்து குடித்தல். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும்.

தங்கியிருத்தலுக்கு ஏழு: அளவு ஏற ஏறத்தான் வெறி ஏறுதல், நிறுத்தினால் உடல் படும் பாடு, நினைத்ததைவிட அதிகமாகவோ நீண்ட நேரமோ குடித்தல், குறைக்க முயன்று தோற்றல், மதுவிலேயே பெரும்பொழுது கழிதல், மற்ற ஈடுபாடுகளைக் கைவிடுதல், உடலோ மனமோ கெடுவது தெரிந்தும் தொடர்தல். ஒரே பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று வேண்டும். தங்கியிருத்தல் உள்ளவருக்குத் துஷ்பிரயோகம் என்ற பெயர் தனியாகச் சூட்டப்படாது.

2013இல் இந்த இரண்டு பெட்டிகளையும் உடைத்து ஒன்றாக்கினார்கள். சட்டச் சிக்கல் நீக்கப்பட்டது. மதுவுக்கான தீராத ஏக்கம் சேர்க்கப்பட்டது. மொத்தம் பதினொன்று. இரண்டு இருந்தால் கோளாறு. இரண்டு, மூன்று என்றால் இலேசு; நான்கு, ஐந்து என்றால் நடுத்தரம்; ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமை.

ஒரு சின்னக் கணக்கைச் செய்து பாருங்கள், எனக்கு இதில் தனிப் பிரியம். ஏழு அடையாளங்களுக்கு 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்ல 128 வழிகள் உண்டு. மூன்றுக்குக் குறைவான 'ஆம்' உள்ள 29 வழிகளைக் கழித்தால், பழைய தங்கியிருத்தலை 99 வழிகளில் அடையலாம். பதினொன்றுக்கு 2048 வழிகள். ஒன்றுமே இல்லாத ஒரு வழியையும் ஒன்றே ஒன்று உள்ள 11 வழிகளையும் கழித்தால், 2036 வழிகளில் ஒருவர் புதிய கோளாறுக்குள் வரலாம். வழிகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கை அல்ல. மனிதர்களின் பதில்கள் கொத்துக் கொத்தாகத்தான் வரும். ஆனாலும் ஒரே பெயரின் கீழ் நிற்கிறவர்கள் எவ்வளவு வேறுபட்டவர்களாக இருக்கலாம் என்பது இதில் தெரிந்துவிடும்.

படி 3: உள்ளே வருபவர் யார், வெளியே போகிறவர் யார்?

விதி தளர்ந்தால் எண் ஏறும், இறுகினால் இறங்கும் என்று நினைப்பது பாதி உண்மைதான். 2013இன் மாற்றம் சிலரை உள்ளே இழுத்தது, சிலரை வெளியே தள்ளியது. இரண்டு கற்பனை மனிதர்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காளர். வெள்ளிக்கிழமை நண்பர் வீட்டில் இரண்டு கிளாஸ், பிறகு மோட்டார் சைக்கிளில் வீடு. ஆண்டு முழுவதும் இதே வழக்கம். வேறு எந்தத் தொல்லையும் இல்லை. 1994 விதிப்படி அவருக்குத் துஷ்பிரயோகம். 2013 விதிப்படி ஒன்றுமில்லை, ஏனென்றால் ஓர் அடையாளம் போதாது. (அவர் காலி வீதியில் யாரையும் மோதாமலிருக்க இந்த விதி உதவாது என்பது வேறு விடயம்.) அதே மனிதர் முச்சக்கர வண்டியில் வீடு திரும்பியிருந்தால் இரண்டு விதிகளிலும் தப்பித்திருப்பார். வாகனம் வைத்திருப்பதே ஒருவரை நோயாளியாக்கும் விசித்திரம் பழைய விதியில் இருந்தது.

இரண்டாமவர் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத் தொழிலாளி. கால் போத்தல் என்று தொடங்குவது அரைப் போத்தலில் முடியும். விட வேண்டும் என்று பலமுறை முயன்று தோற்றிருக்கிறார். சண்டை இல்லை, வேலை தவறவில்லை, வாகனமும் இல்லை. பழைய விதியில் தங்கியிருத்தலுக்கு ஓர் அடையாளம் குறைவு, துஷ்பிரயோகத்துக்கு ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்டவர்களை ஆய்வாளர்கள் 'நோயறிதல் அநாதைகள்' என்று அழைத்தார்கள். 2013 விதி இவர்களை இலேசான கோளாறு என்று தத்தெடுத்துக்கொண்டது.

ஆகவே நிகர மாற்றம், எந்தச் சமூகத்தில் எந்த வகையினர் அதிகம் என்பதைப் பொறுத்தது. புதிய விதி முன்மொழியப்பட்டபோதே 2011இல் இதைச் சோதித்தார்கள். அமெரிக்கத் தரவு ஒன்றில் ஏற்றம் ஏறத்தாழ 11 சதவீதம்தான். அவுஸ்திரேலியாவின் தேசியத் தரவில் அதே மாற்றம் ஏறத்தாழ 62 சதவீத ஏற்றத்தைக் காட்டியது. ஒரே கத்தரிக்கோல், இரண்டு துணிகள். எனவே அமெரிக்காவின் மாற்று விகிதத்தை எடுத்து இலங்கை எண்ணைப் பெருக்கிவிடாதீர்கள். அது மிகக் கவர்ச்சியான, மிகத் தவறான குறுக்குவழி.

படி 4: பழைய தரவையே புதிய விதியால் எண்ணுங்கள்

இதுதான் முழு வேலையின் மையம். ஒரே ஆட்கள், ஒரே பதில்கள், இரண்டு விதிகள்.

அமெரிக்காவில் 2012-13இல் 36,309 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். கடந்த பன்னிரண்டு மாதங்களை மட்டும் எடுத்தால், 1994 விதிப்படி 12.7 சதவீதம், 2013 விதிப்படி 13.9 சதவீதம். ஆக, அந்த ஆய்வில் விதி மாற்றத்தின் விலை 1.2 புள்ளிகள்.

இதே குழுவினர் 2001-02இல் நடத்திய முந்தைய ஆய்வில் 1994 விதிப்படி கிடைத்தது 8.5 சதவீதம். அப்படியானால் 8.5இலிருந்து 12.7க்கு ஏறியது உண்மையான ஏற்றம்தானா? விதி மாறவில்லை, ஆகவே பழி விதியின் மீது இல்லை என்பது வரைக்கும் உறுதி. ஆனால் 2012-13இல் பங்கேற்றவர்களிடம் மரபணுப் பரிசோதனைக்கு உமிழ்நீரும் கேட்டார்கள். களநடைமுறைகளும் முன்னைப் போல் இல்லை. அதே ஆண்டுகளில், நான் முதலில் சொன்ன மற்ற தேசிய ஆய்வு ஏற்றத்தைக் காட்டவில்லை, சற்று இறக்கத்தையே காட்டியது. இரண்டும் 1994 விதியைத்தான் பயன்படுத்தின. விதி ஒன்றாக இருந்தாலும், கேட்கும் விதம் வேறானால் எண் வேறாகும்.

உங்களிடம் மூலத்தரவு இருந்தால் நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று போடுங்கள். கற்பனையாக 1000 ஆண்கள். இரு விதிகளிலும் கோளாறு உள்ளவர் 85. பழைய விதியில் மட்டும் 15. புதிய விதியில் மட்டும் 25. இரண்டிலும் இல்லாதவர் 875. பழைய வீதம் 10 சதவீதம், புதிய வீதம் 11 சதவீதம். 'ஒரு புள்ளிதானே' என்று கடந்துபோவீர்கள். ஆனால் 40 பேர் இடம் மாறியிருக்கிறார்கள். அறிக்கையில் நிகர எண்ணை மட்டும் தருபவர்கள் இந்த நாற்பதை மறைக்கிறார்கள், பெரும்பாலும் அறியாமலே.

படி 5: தமிழ் வினாக்கொத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கோ இதில்தான் கோபம் அதிகம். நூலில் உள்ள விதி ஆங்கிலத்தில் இருக்கிறது. கிராண்ட்பாஸ் வாசலில் நிற்கும் மனிதருக்குக் கேட்பது தமிழ்க் கேள்வி. மொழிபெயர்ப்பு மாறினால், நூல் மாறாமலே அளவுகோல் மாறிவிடும்.

நாங்கள் ஒருமுறை எடுத்துச் சென்ற படிவத்தில், உடல் மதுவுக்குப் பழகுவதைச் 'சகிப்புத்தன்மை' என்று எழுதியிருந்தார்கள். "உங்களுக்கு மதுவில் சகிப்புத்தன்மை கூடியிருக்கிறதா?" என்று நானும் கிளிப்பிள்ளை போல வாசித்தேன். அந்த ஐயா உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, அதை என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்" என்றார். சிரித்துவிட்டு 'இல்லை' என்று குறித்தேன். அடுத்த தோட்டத்தில், "முன்பு குடித்த அளவுக்கு இப்போது வெறி ஏறுகிறதா, இன்னும் கூடத் தேவைப்படுகிறதா?" என்று நானாகவே மாற்றிக் கேட்டேன். அங்கே 'ஆம்' மளமளவென்று விழுந்தது. களப்பணியாளர் படிவத்தை மாற்றுவது குற்றம். மாற்றாமல் இருந்திருந்தாலும் அந்த எண்ணுக்குப் பொருள் இருந்திருக்காது.

'நினைத்ததைவிட அதிகம் குடித்தீர்களா' என்பது இன்னொரு பொறி. அதற்கு முதலில் எவ்வளவு என்று நினைத்திருக்க வேண்டும். நான்கு பேர் காசு சேர்த்து ஒரு போத்தல் வாங்கினால், போத்தல் முடியும் வரை குடிப்பதுதான் திட்டம். அங்கே எண்ணத்தைத் தீர்மானிப்பது போத்தல். 'நினைத்தபடிதான் குடித்தேன்' என்பார்கள், நேர்மையாகவே.

'குறைக்க முயன்று தோற்றீர்களா' என்பதற்கு எங்கள் ஊரில் கிடைக்கும் பதில் இன்னும் சிக்கல். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் ஒரு சொட்டும் தொடாதவர், கந்தசஷ்டிக்கு ஆறு நாள் நிறுத்துபவர், கதிர்காமம் போய்வரும் வரை விடுபவர் என்று நிறையப் பேர். விரதம் முடிந்த மறுநாள் தவறணைக்குப் போய்விடுவார்கள். இது தோல்வியா, வெற்றியா? அவர்கள் கணக்கில் வெற்றி. எடுத்த விரதத்தை முடித்துவிட்டார்கள் அல்லவா? 'விரதத்துக்கு வெளியே, நீங்களாக விட நினைத்து முடியாமல் போனதுண்டா' என்று ஒரு துணைக்கேள்வி இல்லாவிட்டால் இந்த அடையாளம் எங்களிடையே குறைவாகவே பதிவாகும்.

நிறுத்தினால் வரும் தொல்லையையும் மறுநாள் தலையிடியையும் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை, அதை அடக்கக் காலையிலேயே ஒரு வாய் என்று விரித்துக் கேட்க வேண்டும். (நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென்று தனியாக நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகலாம். இந்த அடையாளம் உள்ளவர் வைத்தியரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.) புதிதாகச் சேர்ந்த 'ஏக்கம்' என்ற அடையாளமும் அப்படித்தான். ஆசை, ஏக்கம், அவதி என்ற மூன்று சொற்களில் எதைப் போடுகிறீர்களோ அதற்கேற்ப வீதம் நகரும். 'குடிக்க ஆசை வந்ததுண்டா' என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்!

படி 6: வாசல் கேள்வியும் வகுக்கும் எண்ணும்

பெரும்பாலான வினாக்கொத்துகளில் முதலில் ஒரு வாசல் இருக்கும்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் மது அருந்தினீர்களா? 'இல்லை' என்றால் பதினொரு கேள்விகளும் கேட்கப்படாது. எந்த விதி மாற்றமும் அவரைத் தொடாது.

இலங்கையில் பெண்களின் எண்ணைப் படிக்கும்போது இதை மறக்கவே கூடாது. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறச் செய்தார். வாங்குவதே இப்படிப் பேசப்படும் நாட்டில், மாமியார் பக்கத்தில் நிற்க வாசல் கேள்விக்கு ஒரு பெண் என்ன பதில் சொல்வார்? அங்கே கிடைக்கும் பூச்சியத்துக்கு டி.எஸ்.எம். பொறுப்பல்ல.

ஆண்களின் தொகையால் மட்டும் வகுத்தார்களா, எல்லோரின் தொகையாலா, குடிப்பவர்களின் தொகையால் மட்டுமா? 12 வயதிலிருந்தா, 18இலிருந்தா? கடந்த ஆண்டா, வாழ்நாளா? மேலே சொன்ன 13.9 சதவீதம் ஓராண்டுக்கானது. அதே ஆய்வில், அதே விதியில், வாழ்நாள் வீதம் 29.1. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படி 7: சல்லடையை நோயறிதலாக எண்ணாதீர்கள்

உலக சுகாதார அமைப்பின் ஓடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் நம் நாட்டு ஆய்வுகளிலும் வரும். பூச்சியம் முதல் 40 வரை புள்ளி. எட்டும் அதற்கு மேலும் என்றால் கவனம் தேவை. அது முன்னெச்சரிக்கை, நோயின் பெயர் அல்ல. 'ஓடிட்டில் எட்டைத் தாண்டியவர்'களை 'குடிநோயாளர்' என்று மொழிபெயர்க்கும் செய்தியைக் கண்டால் அங்கேயே அளவுகோல் மாறிவிட்டது என்று அறியுங்கள்.

அதிலும் 'ஒரு பானம்' என்பது பெரும்பாலும் 10 கிராம் தூய மதுசாரம். 33.5 சதவீதச் சாராயம் 750 மில்லிலீற்றர் போத்தலில் ஏறத்தாழ 198 கிராம் இருக்கிறது. அதாவது இருபது பானம். அரைப் போத்தல் பத்து. "ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ்தான்" என்பவரின் கிளாஸைக் கண்ணால் பார்க்காமல் நீங்கள் புள்ளி போட முடியாது. கசிப்பு என்ற கள்ளச்சாராயத்துக்கோ அளவு சொல்லும் சிட்டையே கிடையாது.

படி 8: கடுமையைத் தனியே எடுங்கள், ஐ.சி.டி. மாற்றத்துக்கும் தயாராகுங்கள்

2012-13 ஆய்வின் 13.9 சதவீதத்தைப் பிரித்தால் இலேசு 7.3, நடுத்தரம் 3.2, கடுமை 3.4. பாதிக்கு மேல் இலேசானவை. எல்லைக்கோடு நகரும்போது அதிகம் ஆடுவது இந்த முனைதான். ஆறும் அதற்கு மேலும் அடையாளம் உள்ளவர் எந்த விதியிலும் பெரும்பாலும் உள்ளேயே இருப்பார். எனவே காலப்போக்கை ஒப்பிட விரும்பினால் மொத்தத்தைவிடக் கடுமையான பகுதியை நம்புவது மேல். படுக்கை எத்தனை, ஆலோசகர் எத்தனை என்று திட்டமிடுபவர்களுக்கும் அந்த எண்தான் தேவை.

வைத்தியசாலைப் புள்ளிவிபரம் பழைய ஐ.சி.டி.யிலிருந்து புதியதற்கு மாறும்போது இதே கதை மீண்டும் வரும். பத்தாம் பதிப்பில் ஆறு அடையாளங்களில் மூன்று, 42 வழிகள். பதினோராம் பதிப்பில் மூன்று கூறுகளில் இரண்டு: கட்டுப்பாடு தளர்தல், வாழ்வில் மது முன்னுரிமை பெறுதல், உடல் சார்ந்த அடையாளங்கள். நான்கே வழிகள். வழி குறைந்ததால் இறுகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பழைய ஆறை இரண்டிரண்டாக அந்த மூன்று கூறுகளில் போட்டுப் பாருங்கள். ஏக்கத்தைக் கட்டுப்பாட்டோடு சேர்த்தால், பழைய விதியின் எந்த மூன்றும் குறைந்தது இரண்டு கூறுகளைத் தொடும். ஆனால் வெவ்வேறு கூறுகளைச் சேர்ந்த இரண்டே அடையாளங்கள் உள்ளவரும் இப்போது உள்ளே வந்துவிடுவார். கடதாசிக் கணக்கில் இது விரிவாக்கம். தீங்கு தரும் பாவனை என்ற பிரிவிலும் பிறருக்கு விளையும் தீங்கு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நம் பதிவேடுகள் மாறும் ஆண்டை இப்போதே நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

படி 9: வாக்கியத்தை எழுதுங்கள்

தேநீர் இரண்டாவது முறை வந்தபோது பத்திரிகையாளருக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: '2020இல் அமெரிக்க தேசிய ஆய்வு 2013ஆம் ஆண்டின் புதிய அளவுகோலுக்கு மாறியது, பதில் சேகரிக்கும் முறையும் மாறியது. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் கடந்த ஓராண்டில் 10.2 சதவீதத்தினர் இந்த அளவுகோலுக்குள் வந்தனர். முந்தைய ஆண்டின் 5.3 சதவீதம் பழைய அளவுகோலில் எடுக்கப்பட்டது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது.'

அவர் இருமுறை படித்தார். "ஐயா, இதைப் போட்டால் தலைப்பே இல்லாமல் போய்விடுமே."

"தலைப்பிலிருந்து 'இருமடங்கு' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் தம்பி. மிச்சம் உங்கள் ஆசிரியர் பாடு" என்றேன்.